நாலு மூலையிலும் மஞ்சள்

எங்கள் வீட்டிலிருந்து நல்ல காரியத்துக்கென்று வெளியே போகும் எந்தக் காகிதமும் நாலு மூலையிலும் மஞ்சள் படாமல் போனதில்லை. கல்யாணக் கடிதத்துக்கு மட்டும்தான் அப்படிச் செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்த நாட்டுக் குடியுரிமைக்கு நாங்கள் போட்ட விண்ணப்பத்தில் மஞ்சள் இருந்தது. நான் கார் ஓட்டப் பழகப் பதிந்த படிவத்தில் இருந்தது. இப்போது இருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தத்திலும் இருந்தது. வீட்டுக்காரர் அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் கோப்புக்குள் வைத்தார். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து, மோதிர விரலால் மூலைக்கு ஒரு பொட்டு. மூன்று காரியங்களும் நல்லபடியாக முடிந்தன. அதனால் மகளின் காகிதத்துக்கும் வைத்தேன்.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் இப்போது அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். அந்த வாரம் யாரும் சிரிக்கவில்லை.

நான் வுப்பர்டாலில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஊரில் சாதாரண தரப் பரீட்சை எழுதியதோடு என் படிப்பு முடிந்தது. எனக்குப் பிறரோடு கதைக்க வராது. டொச், அதாவது ஜேர்மன் மொழியில் மட்டும் என்றில்லை, தமிழிலும்தான். கடையில் கேட்டதை விட்டு வேறொன்றை எடுத்துத் தந்தால் அதையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். படிக்கட்டில் பக்கத்து வீட்டுக்காரரின் சத்தம் கேட்டால், அவர் இறங்கிப் போகும்வரை கதவுக்கு உள்ளே நிற்பேன். சமையலறை வேலை எனக்குப் பிடித்ததற்கும் அதுதான் காரணம். ஒரு மூட்டை கிழங்கைச் சீவி முடிக்கும்வரை யாரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை.

என் மனைவி நேர்மாறு. வைத்தியரிடம் போனால் வரவேற்பில் இருக்கும் பெண்ணின் பிள்ளைகள் எத்தனையாம் வகுப்பு என்பதுவரை தெரிந்துகொண்டு வருவாள். "இந்த மனிசன் ஒரு முழு வசனம் கதைச்சா அண்டைக்கு வுப்பர்டாலில மழை பெய்யாது" என்று சொல்லுவாள். வுப்பர்டாலில் மழை பெய்யாத நாட்கள் எத்தனை என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்குப் பத்து வயது நடக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு சந்திப்புக்கு அழைத்தார்கள். இந்த நாட்டில் நாலாம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். கிம்னாசியம் என்ற பள்ளிக்குப் போகிறவர்கள் நேரே பல்கலைக்கழகம் வரை போகலாம். ஹவுப்ட்சூல என்ற பள்ளிக்குப் போகிறவர்கள் சில வருடங்களில் முடித்துக்கொண்டு ஏதாவது தொழில் பழகலாம். மனைவிக்கு அன்று வேலை. நான் தனியே போனேன். பிள்ளைகள் இருக்கும் சின்னக் கதிரையில் என்னை இருத்திவிட்டு ஆசிரியை நிறையச் சொன்னார். நல்ல மனுசி. பிள்ளை மிகவும் அமைதி, வகுப்பில் கை உயர்த்துவதில்லை, நெருக்கடி இல்லாத ஹவுப்ட்சூலதான் அவளுக்குச் சுகமாக இருக்கும் என்றார். எனக்குப் பாதி விளங்கியது. விளங்காத பாதியைக் கேட்க வெட்கமாக இருந்தது. அவர் நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் தலையாட்டினேன். கடைசியில் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். திரும்பி வரும் வழியில் மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

மூன்று வருடத்துக்குப் பிறகு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் என்னோடு காத்து நின்ற ஒரு தகப்பன் பேச்சுவாக்கில் கேட்டார்.

"ஏன் அண்ணை பிள்ளையை அங்க விட்டனீங்கள்?"

"ரீச்சர் சொன்னவா."

"அது அவையின்ர யோசனை மட்டும்தான் அண்ணை. நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லியிருந்தா கிம்னாசியத்திலயே எடுத்திருப்பினம். தாய் தேப்பன் சொல்லுறதுதான் கடைசி."

அதற்கும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்ல இரண்டு மாதம் எடுத்தது. மகளிடம் சொல்லவே இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கும். இங்கே பிறந்த பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்காது.

அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பத்தாம் வகுப்பில் நல்ல புள்ளி எடுத்தாள். அதை வைத்துக்கொண்டு தொழிற்கல்லூரிக்குப் போனாள். அங்கே மூன்று வருடம் இருந்து, கிம்னாசியத்துப் பிள்ளைகள் எழுதும் அதே அபிட்டூர் பரீட்சையை எழுதினாள். அவள் விரும்பிய பல்கலைக்கழகத்துக்கு அந்தப் புள்ளி சற்றே போதவில்லை. பக்கத்து நகரத்தில் செய்முறையாகப் படிப்பிக்கும் ஒரு கல்லூரியில் வேதியியல் படிக்க இடம் கிடைத்தது. "அப்பரைப் போல வாய் இல்லை. ஆனா கால் இருக்கு" என்று மனைவி அவளைப் பற்றிச் சொல்லுவாள்.

அந்தக் கல்லூரியில் இரண்டாவது வருடம் முடியப் போகும் நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"நான் பல்கலைக்கழகத்துக்கு மாறப் போறன். உணவு வேதியியல். இடையில சேருறதுக்குக் கொஞ்ச இடம் வச்சிருக்கினம்."

"அது என்ன படிப்பு?" என்று மனைவி கேட்டாள்.

"சாப்பாட்டுக்குள்ள என்னென்ன இருக்கெண்டு பாக்கிறது."

"அதுக்கு என்னத்துக்குப் பல்கலைக்கழகம்? உன்ர அப்பரைக் கேள், சொல்லுவார். உப்பு."

மகள் சிரித்தாள். பிறகு விவரமாகச் சொன்னாள். அந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது கடினம். இடையில் சேர விரும்புகிறவர்கள் எல்லா ஊரிலிருந்தும் விண்ணப்பிப்பார்கள். இடங்கள் ஒரு கை விரலுக்குள். கிடைத்தாலும் இரண்டாம் வருடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

"அப்ப ஒரு வருசம் பின்னுக்குப் போறதோ?"

"ஓம் அம்மா. சில பாடங்களை அவை கணக்கில எடுக்காயினம்."

"பிறகேன் மாறுவான்? இஞ்ச நல்லாத்தானே போகுது."

"இஞ்ச எப்பிடிச் செய்யிறதெண்டு பழக்குவினம். எனக்கு ஏன் அப்பிடி நடக்குதெண்டும் தெரிய வேணும்." அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

போ பிள்ளை, கட்டாயம் போ என்று சொல்ல நினைத்தேன். அந்தச் சின்னக் கதிரை நினைவுக்கு வந்தது.

"இன்னும் கொஞ்சம் சோறு போடவோ?" என்று கேட்டேன்.

அவள் சோற்றுக் கோப்பையை நீட்டினாள்.

யூலை மாதம் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலானதைக் கணினியிலேயே நிரப்பி அனுப்பினாள். ஆனால் புள்ளிச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியை மட்டும் தபாலில் கேட்டிருந்தார்கள். அதை நகரசபை அலுவலகத்தில் செய்து வாங்க வேண்டும். பிரதி எடுத்த தாள்களை ஒன்றாக அடுக்கி, இடது பக்க மேல் மூலையை மடித்து, கம்பி அடித்து, அந்த மடிப்பின் மேல் எல்லாத் தாளிலும் படும்படி வட்ட முத்திரை குத்தித் தருவார்கள். கம்பியைக் கழற்றினாலோ முத்திரை குலைந்தாலோ அது செல்லாது. முத்திரை அந்த மூலையில் இருக்கும் என்பதை இப்போது நான் ஒரு நாளும் மறக்கமாட்டேன்.

அவள் அதைப் பெரிய உறையில் போட்டு, காலையில் இன்னொரு முறை பார்த்துவிட்டு ஒட்டலாம் என்று மேசையில் வைத்திருந்தாள். காலையில் நேரம் போய்விட்டது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டே வாசலில் நின்று சொன்னாள்.

"அப்பா, நீங்களே ஒட்டிப் போஸ்டில குடுத்துவிடுங்கோ. மறந்திடாதேங்கோ."

"ஓம் பிள்ளை."

மனைவி வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு அன்று பத்து மணிக்குத்தான் வேலை. வீட்டில் நான் மட்டும். மேசையைத் துடைத்தேன். கையைக் கழுவினேன். சின்னக் கிண்ணத்தில் மஞ்சள் குழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டபோது சொல்ல வராததை இப்படியாவது சொல்லலாம் என்று தோன்றியது. தாள்களை உறையிலிருந்து எடுத்து வைத்து, வலது மேல் மூலை, கீழ் மூலைகள் இரண்டு என்று வைத்துக்கொண்டு வந்தேன். கடைசியாக இடது மேல் மூலை. அங்கேதான் முத்திரை இருந்தது. முக்கியமான இடம் அதுதானே என்று எண்ணி அங்கே மட்டும் கொஞ்சம் கூடவே வைத்தேன். ஈரம் பட்டதும் முத்திரையின் நீல மை இளகி மஞ்சளோடு சேர்ந்தது. சேர்ந்து பச்சையாகியது. உண்மையைச் சொன்னால், அது எனக்கு வடிவாகக்கூட இருந்தது.

யன்னலுக்குக் கிட்ட வைத்துக் காயவிட்டேன். உறையை ஒட்டி, வேலைக்குப் போகும் வழியில் தபாலகத்தில் கொடுத்தேன். அன்று முழுவதும் மனம் லேசாக இருந்தது.

பத்து நாளைக்குப் பிறகு, ஒரு புதன்கிழமை பின்னேரம், மகள் கைபேசியைப் பார்த்தபடி குசினிக்குள் வந்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல். பிரதியில் உள்ள முத்திரை கறை பட்டு வாசிக்க முடியாமல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முன் புதிய பிரதி கைக்குக் கிடைக்காவிட்டால் விண்ணப்பம் எடுத்துக்கொள்ளப்படாது.

"நான் வடிவாத்தானே வச்சனான்" என்றாள். "போஸ்டில மழைக்குள்ள நனைஞ்சுதோ தெரியேல்லை. பொறுங்கோ, ஒரு படமும் வச்சிருக்கினம்."

படத்தைப் பெரிதாக்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா."

"ம்."

"இது மஞ்சளோ?"

மனைவி கைபேசியை வாங்கிப் பார்த்தாள். "மஞ்சளோ எண்டு கேக்கிறாய். எங்கட கறிச்சட்டியை எனக்குத் தெரியாதோ?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "நான்தான் வச்சனான்."

"ஏன் அப்பா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"அண்டைக்கு நீ கேட்டாய். எனக்குச் சொல்ல வரேல்லை. அதுதான்..."

அவள் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை.

"மறுமொழியை வேற எங்கயாவது எழுதியிருக்கலாம் அப்பா" என்றாள். "முத்திரைக்கு மேலயோ எழுதுறது?"

அவளுக்கு வியாழன் பின்னேரம் ஒரு பரீட்சை, வெள்ளி காலையில் ஒன்று. அந்தப் புள்ளிகளும் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும்; தவறவிட முடியாது. நகரசபை அலுவலகத்துக்கு முன்கூட்டியே டெர்மின், அதாவது நேரம் குறித்துக்கொண்டுதான் போக வேண்டும். கணினியில் பார்த்தாள். அடுத்த டெர்மின் மூன்று வாரம் கழித்து இருந்தது. மனைவி தன் வேலையிடத்துக்கு அழைத்து லீவு கேட்டாள். இரண்டு பேர் சுகமில்லாமல் லீவில் நிற்பதால் ஏலாது என்றுவிட்டார்கள்.

"நான் போறன்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்க?" என்றாள் மனைவி.

"நகரசபைக்கு. பிறகு வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்துக்கு."

"அங்க கதைக்க வேணும், தெரியுமோ? தலையாட்டினா முத்திரை குத்தித் தராயினம்."

"தெரியும்."

சமையலறைப் பொறுப்பாளரிடம் அந்தப் பின்னேரமே தொலைபேசியில் இரண்டு நாள் லீவு கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் திடீரென்று லீவு கேட்டது அதுதான் முதல் தடவை. உனக்கு என்ன நடந்தது, சுகமாகத்தானே இருக்கிறாய் என்று அவர் பயந்துபோய்க் கேட்டார். மகளின் படிப்பு விஷயம் என்றேன். போய்விட்டு வா, வெள்ளிக்கிழமை மீனை நான் பொரிக்கிறேன் என்றார்.

வியாழக்கிழமை காலை, மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு ஓடும் இந்த ஊர்த் தொங்கு ரயிலில் போகும்போது சொல்ல வேண்டியதை டொச்சில் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஆற்றுக்கு மேலே ரயில் ஆடிக்கொண்டு போனது. முன் இருக்கையில் இருந்த ஒரு கிழவி என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்து, மரியாதையாக மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

நகரசபை வாசலில் நின்ற காவலாளி டெர்மின் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் கணினியில் குறித்துக்கொண்டு வாருங்கள் என்றார். வேறு எந்த நாளும் என்றால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பேன். கால் திரும்பத்தான் பார்த்தது. பழகி வைத்த வசனத்தைச் சொன்னேன். "நாளை பன்னிரண்டு மணிக்கு என் மகளின் படிப்பு இடம் போய்விடும். பிழை விட்டது நான். யாராவது வராமல் போனால் அந்த நேரத்தை எனக்குத் தாருங்கள். நான் இங்கேயே நிற்கிறேன்."

அவர் எனக்கு ஒரு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். இரண்டரை மணி நேரம் இருந்தேன். பதினொரு மணிக்கு வரவேண்டிய யாரோ வரவில்லை. உள்ளே ஒரு இளைஞர் நான் கொண்டுபோன மூலச் சான்றிதழைப் பிரதி எடுத்து, மூலையை மடித்து, கம்பி அடித்து, முத்திரை குத்தினார். ஐந்து நிமிட வேலை. நான் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதை ஒரு கோப்புக்குள் போட்டு, கோப்பைத் துணிப்பைக்குள் போட்டாள்.

"மஞ்சள் டப்பாவை ஒளிச்சு வச்சிருக்கிறன்" என்றாள். "தேட வேண்டாம்."

வெள்ளிக்கிழமை கொலோனில் ரயில் மாற வேண்டும். கொலோனுக்கு முன்னாலேயே ரயில் நின்றுவிட்டது. ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருபத்தைந்து நிமிடம் நின்றது. இந்த நாட்டு ரயிலில் அடிக்கடி போகிறவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. நான் மட்டும் துணிப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். அடுத்த ரயில் எனக்காக நிற்கவில்லை. அதற்கடுத்த ரயிலில் போய் இறங்கும்போது பதினொன்றரை.

பல்கலைக்கழகம் ஒரு சின்ன நகரம் போல இருந்தது. வழி கேட்காமல் கண்டுபிடிக்க முடியாது. மூன்று பேரிடம் கேட்டேன். ஒரு வருடத்தில் தெரியாத ஆட்களிடம் நான் இத்தனை தடவை கதைப்பதில்லை. சரியான கட்டடத்தின் சரியான மாடியில், சரியான கதவுக்கு முன் போய் நின்றபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

உள்ளே இருந்தவர் என் வயதுப் பெண். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் மகளின் பெயரைச் சொல்லிப் பிரதியைக் கொடுத்தேன். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சரி என்றார். அலுமாரியிலிருந்து மகளின் கோப்பை எடுத்து விரித்தார். மேலே பழைய பிரதி கிடந்தது. நாலு மூலையும் காய்ந்து, ஒரு மூலை பச்சையாக.

"இது என்ன என்று கேட்கலாமா?" என்றார். "இங்கே நாங்கள் கடுகுச் சாஸ் என்று முடிவு செய்திருந்தோம்."

முகம் சூடாகியது. ஆனால் கடுகு என்று அவர் சொன்னதை அப்படியே விட மனம் வரவில்லை. சமையலறையில் வேலை செய்கிறவன் மகளின் சான்றிதழில் சாஸ் ஊற்றுவானா?

"சாப்பாடு இல்லை" என்றேன். "மஞ்சள். எங்கள் ஆட்கள் நல்ல காரியத்துக்குப் போகும் காகிதத்தின் மூலைகளில் வைப்பார்கள். நன்றாக நடக்க வேண்டும் என்று. மகளுக்குத் தெரியாமல் நான் வைத்தேன்."

"அப்படியா" என்றார். பழைய பிரதியை இன்னொரு முறை பார்த்தார். அவர் முகம் மென்மையாகியது. பிறகு தணிந்த குரலில் சொன்னார். இப்படியான கல்லூரிகளிலிருந்து நிறையப் பேர் கேட்கிறார்கள், இடங்கள் மிகக் குறைவு, மகள் பெரிதாக எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது. "அவளுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு நல்ல இடம் இருக்கிறதுதானே?"

அதே அன்பு. அதே குரல். பத்து வயதில் அவளுக்காக அந்த ஆசிரியை பேசிய குரல். என் கழுத்து தானாகவே அசையத் தொடங்கியதை உணர்ந்தேன். ஒரு முறை கீழே போய்விட்டது. மேலே வருவதற்குள் நிறுத்தினேன்.

"இல்லை" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். நான் அதற்கு மேல் எதையும் பழகி வைத்திருக்கவில்லை. இலக்கணம் எல்லாம் பிழைத்திருக்கும்.

"அவள் ஹவுப்ட்சூலவில் படித்தவள். அங்கே போனது அவளால் இல்லை. அப்போதும் ஒருவர் இப்படித்தான் சொன்னார், நான் ஒன்றும் கேட்காமல் தலையாட்டினேன். இன்றைக்குக் கேட்கிறேன். இந்தக் கோப்பில் வேறு ஏதாவது குறைகிறதா? எது இருந்தால் அவளுக்கு உதவும்?"

சுவரில் கடிகாரம் பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் காட்டியது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசியில் ஒரு தாளில் விரலை வைத்தார்.

"கட்டாயம் என்று நாங்கள் கேட்பதில்லை" என்றார். "ஆனால் இந்த இரண்டு ஆய்வுகூடப் பாடங்களிலும் என்ன படித்தாள் என்ற விவரம் இணைக்கப்படவில்லை. விவரம் இல்லாவிட்டால் மதிப்பிடுகிறவர் இவற்றைக் கணக்கில் எடுக்கமாட்டார். எடுத்தால் வரிசையில் மேலே வருவாள். திங்கட்கிழமைக்குள் மின்னஞ்சலில் அனுப்பினால் போதும்."

"தயவுசெய்து எழுதித் தாருங்கள்" என்றேன்.

ஒரு சின்னத் தாளில் எழுதித் தந்தார். இரண்டு தடவை வாசித்து, விளங்காத ஒரு சொல்லைக் கேட்டேன். அதற்கும் விளக்கம் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் கொஞ்ச நேரம் இருந்தேன். பசித்தது. மனைவி கட்டித் தந்த ரொட்டியை அங்கேயே இருந்து தின்றேன். என்னைத் தாண்டிப் போன பிள்ளைகள் யாரும் என்னை வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் ரயிலில் மகள் அழைத்தாள். பரீட்சை முடிந்திருந்தது.

"குடுத்தாச்சோ அப்பா?"

"குடுத்தாச்சு. பிள்ளை, ஆய்வுகூடப் பாடம் ரெண்டுக்கும் விவரம் வைக்கேல்லையாம். திங்களுக்குள்ள அனுப்பட்டாம். எழுதி வாங்கியிருக்கிறன்."

"அதை அவையாச் சொன்னவையோ?"

"இல்லை. கேட்டனான்."

"ஆர் கேட்டது?"

"நான்தான்."

வெளியே வயல் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா," என்றாள், "நீங்கள் அண்டைக்கு ரீச்சரிட்டப் போய்வந்து வாங்கித் தந்தது என்ன ஐஸ்கிரீம் தெரியுமோ?"

"தெரியேல்லை."

"பிஸ்தா. எனக்குப் பிஸ்தா பிடிக்காது. நீங்கள் சந்தோசப்பட்டதால சாப்பிட்டனான்."

"கேட்டிருக்கலாமே பிள்ளை, வேற வேணுமெண்டு."

"உங்கட பிள்ளைதானே அப்பா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

ஓகஸ்ட் முடியும்வரை பதில் வரவில்லை. கண்ணூறு படும் என்று மனைவி இந்த விஷயத்தை யாருக்கும் சொல்லவில்லை. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கோவிலுக்குப் போனால் யாரோடும் நின்று கதைக்காமல் வந்துவிடுவாள். வாய் தவறிவிடும் என்ற பயம்.

ஒரு சனிக்கிழமை நான் பல்கணியில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் இருந்தாள். தானும் இரண்டு காயை எடுத்து முறித்தாள். பிறகு கைபேசியை என் மடியில் வைத்தாள். டொச்சில் நீளமாக எழுதியிருந்தது. முதல் வரியே போதுமாக இருந்தது. இடம் கிடைத்துவிட்டது. அந்த இரண்டு ஆய்வுகூடப் பாடங்களையும் கணக்கில் எடுத்திருந்தார்கள்.

"நல்லது பிள்ளை" என்றேன். பிறகு, அவள் கேட்காமலே, "போ. கட்டாயம் போ. அண்டைக்கே சொல்ல நினைச்சனான்" என்றேன்.

"தெரியும் அப்பா. நாலு மூலையிலும் வாசிச்சனான்."

மனைவி அன்று பின்னேரத்துக்குள் கொலோன் வரைக்கும் எல்லோருக்கும் சொல்லி முடித்தாள்.

ஒக்டோபரில் மகள் போவதற்கு முதல் நாள், ஆய்வுகூடத்தில் போடும் வெள்ளை மேலங்கி ஒன்று புதிதாக வாங்கி வந்தாள். மடிப்புக் குலையாத அங்கியை என் முன்னால் மேசையில் வைத்தாள். பக்கத்தில் மஞ்சள் டப்பாவையும் வைத்தாள். அதைத் தாய் ஒளித்து வைத்த இடம் அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. புது உடுப்புக்கு மஞ்சள் தொடுவது எங்கள் வீட்டில் வழக்கம்தான். ஆனால் இந்த முறை நான் தொடவில்லை.

"வெள்ளை உடுப்பு. வேண்டாம் பிள்ளை. அங்க என்ன சொல்லுவினமோ."

"கொலருக்கு உள்பக்கம் வையுங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது."

"பிறகு கறை படிஞ்சிருக்கெண்டு..."

"அப்ப போய்க் கேளுங்கோ. அந்தக் கண்ணாடி போட்ட அக்காவிட்ட. இப்ப நீங்கள்தானே கேக்கிற ஆள்."

மனைவி குசினிக்குள் நின்று சத்தமாகச் சிரித்தாள். "போயிட்டு வரட்டும். வரேக்க அவவுக்கும் ஒரு பொட்டலம் மஞ்சள் குடுத்துட்டு வரட்டும்."

கொலரைத் திருப்பி, கழுத்துப் படும் இடத்துக்குக் கீழே, மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தேன். இந்த முறை அளவாக. சவர்க்காரம் பட்டால் அது சிவக்கும் என்றும், வெயிலில் போட்டால் மெல்ல மெல்ல இல்லாமல் போய்விடும் என்றும் மகள் சொன்னாள். ஏன் அப்படி என்று கேட்டேன். அவள் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து சொல்லத் தொடங்கினாள். பாதிதான் விளங்கியது. மற்றப் பாதியையும் கேட்டேன்.